பல்பு எரிந்தால் இங்கே

1997 ஜூன் 9, திங்கள்

வெயில். மூன்று மணி வரை கடல்காற்று இல்லை. அலுவலகத்தில் ஒரு மின்விசிறி பழுது, அதுவும் என் தலைக்கு மேல் இருப்பது.

செய்ய வேண்டியவை: நசீர் பாய் கடையில் பழுதுபார்க்கக் கொடுத்த ரேடியோ வாங்க. மண்ணெண்ணெய். கயலுக்கு கிரைப் வாட்டர். அக்காவுக்கு ரயில் சீட்டு (எடுத்தாயிற்று. 22 ஞாயிறு, செங்கல்பட்டிலிருந்து).

பிரசவத்துக்கு உதவ வந்த அக்கா ஊருக்குத் தனியாகப் போகவில்லை. எங்கள் கயலையும் கொண்டு போகிறாள். இதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் போலிருந்தது, அதனால் இங்கே.

போன வாரம் நடந்தது. அக்கா கடைத்தெருவில். என் மனைவி பூரணி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சேலைத் தொட்டிலின் மடிப்பில் கயலின் கால் சிக்கிக்கொண்டது. ஐந்து மாதக் குழந்தை, எவ்வளவு நேரம் கத்தியதோ. பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து எடுத்தபோது முகம் நீலம். பூரணிக்குக் கேட்கவில்லை. மூன்று வயதில் காய்ச்சலில் போன காது. இடி விழுந்தாலும் தெரியாது.

அன்று சாயங்காலம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏல ஆறுமுகம், பிள்ளைய நான் கொண்டுபோயி வளக்கேன். நடக்க ஆரம்பிச்சதும் கொண்டாந்து விட்டுருதேன். இவ தங்கமான பிள்ளதான். ஆனா காது கேக்கலியே, என்ன செய்ய?"

"சரிக்கா" என்றேன். யோசித்துச் சொன்னேனா, சும்மா வாயில் வந்ததா, இன்றுவரை தெரியவில்லை. பூரணியிடம் சொல்லவில்லை.

மாலை புதுப்பட்டினம் கடைத்தெரு. நசீர் பாய் ரேடியோவைக் காதருகே வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். சும்மா கேட்டேன். "சத்தம் வந்தா லைட் எரியற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா பாய்?"

"ஏன் முடியாது? கை தட்னா லைட் எரியும், அந்த மாரி போர்டு நானே போட்டுக்கீறேன். இன்னாத்துக்கு சார்?"

சொன்னேன். ரேடியோவைக் கீழே வைத்தார். "நாளைக்கு வா. ஆபீஸ் வுட்டு நேரா வா."

அந்தச் சாமான் வேலை செய்தால் அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வேலை செய்யாவிட்டால்?

ஜூன் 10, செவ்வாய்

காற்று உண்டு. மணலும் உண்டு.

பாய் கிழித்துப்போட்ட காலண்டர் தாளைத் திருப்பி மூன்று கட்டம் போட்டார். முதல் கட்டம் இன்புட்டு. நடுவில் புராசஸ். கடைசியில் அவுட்புட்டு. "எந்த சாமானா இருந்தாலும் இவ்ளோதான் சார். இன்னா உள்ள வருது, உள்ள வந்தத வெச்சி இன்னா முடிவு, இன்னா வெளிய போவுது."

"பேட்டரி இன்புட்டா?"

சிரித்தார். "பேட்டரி சோறு சார். சோறு துன்னாதான் வேலை. ஆனா சோறு சேதி சொல்லாது. சேதி எங்கேர்ந்து வருதோ அதான் இன்புட்டு. இங்க மைக்கு."

"அப்ப ஸ்விட்ச்?"

"அமுக்கறியே, அதுவும் ஒரு சேதிதான். இன்புட்டு."

"ரிலேன்னு தானா மாறுற ஸ்விட்ச் ஒண்ணு காட்டினீங்களே, அது அவுட்புட்டா?"

"போர்டுக்கு அது அவுட்புட்டு. பல்புக்கு அதான் இன்புட்டு."

இங்கேதான் எனக்குக் குழம்பியது. ஒரே பொருள் எப்படி இரண்டாக இருக்கும்? பேருந்தில் யோசித்தேன். நான் விடுப்புப் பிரிவில் எழுத்தர். விண்ணப்பம் உள்ளே வருகிறது. நடுவில் விதிப்புத்தகமும் கண்காணிப்பாளரும். ஆணை வெளியே போகிறது. அந்த ஆணை சம்பளப் பிரிவுக்குப் போனால் அங்கே அது உள்ளே வருவது. சரிதான். புரிந்தது மாதிரி இருந்தது. இறங்கும்போது மறுபடி புரியவில்லை.

தமிழில் எழுதிப் பார்த்தேன். உள்ளீடு. செயலாக்கம். வெளியீடு. படிக்க நன்றாக இருக்கிறது. பல்பு எரியுமா தெரியாது.

ஜூன் 12, வியாழன்

போர்டு தயார்! பாய் கடையில் கை தட்டினேன், டார்ச் பல்பு எரிந்தது. ரிலே 'டிக்' என்றது. இருமினேன், எரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், எரிந்தது. ஒன்பது வயதில் சைக்கிள் ஓட்டியதற்குப் பிறகு இவ்வளவு சந்தோஷம் இன்றுதான்.

வீட்டில் தொட்டில் அருகே மைக்கும் சமையலறையில் பல்பும் கட்டினேன். பூரணி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களை விரித்து, "எதுக்கு?" என்று கேட்டாள். "கயல் அழுதா எரியும்" என்று கையாலும் வாயாலும் சொன்னேன்.

பல்பை எரியவைத்தவை:
குக்கர்
மீன்காரி ("வஞ்சிரம், சங்கரா!")
சவுக்குத் தோப்பில் காற்று
கதவு
அக்கா, எப்போது பேசினாலும்
கடல். யாரும் பேசாதபோதும் எரிந்துகொண்டே இருந்தது, வெகுநேரம் கழித்துத்தான் கடல் என்று புரிந்தது.

கயல் அழுதபோதும் எரிந்தது. ஆனால் அதற்கு முன்பே எரிந்துகொண்டிருந்ததால் என்ன பிரயோஜனம்?

அக்கா திட்டத் திட்ட பல்பு விட்டு விட்டு எரிவதைப் பார்த்து பூரணி வாய்விட்டுச் சிரித்தாள். அக்காவும் சிரித்துவிட்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இன்னும் பத்து நாள்.

ஜூன் 14, சனி

அரைநாள் முழுக்க பாய் கடையில். போர்டில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. எவ்வளவு சத்தம் வந்தால் போதும் என்று அதில் வைக்க வேண்டும். இந்தப் பக்கம் திருகினால் கடலும் கேட்கிறது. அந்தப் பக்கம் திருகினால் கயலும் கேட்பதில்லை. நடுவில் ஓர் இடம் இருக்கும் என்று தேடித் தேடி ஸ்க்ரூடிரைவர் பிடித்த விரலில் கொப்புளம்.

"எந்தக் கட்டத்துல தப்பு பாய்?"

"ஒண்ணு ஒண்ணா பாக்கணும். மொத்தமா பாத்தா பேஜாரு." பல்புக்கு நேராக பேட்டரி கொடுத்தார், எரிந்தது. "அவுட்புட்டு ஓகே." மைக்கை ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரில் சொருகினார், என் குரல் வந்தது. "இன்புட்டு ஓகே. நடுவுலதான் மேட்டர். அதுக்கு பாப்பா அழுவறதும் தெரியாது, கடல் இரையறதும் தெரியாது சார். சத்தம் எவ்ளோ, அவ்ளோதான் தெரியும். எது உங்க வூட்டு சத்தம்னு அதுக்கு யார் சொல்றது?"

"வேற வழி?"

"யோசிக்கணும். இன்புட்டே தப்போ இன்னாவோ."

சற்றுமுன் இன்புட்டு ஓகே என்றவர் இவர்தான். கேட்டால், "மைக்கு ஓகே. மைக்கு வெச்சது ஓகேவான்னு சொல்லலியே" என்கிறார். தலைவலி. டீ.

ஜூன் 15, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

பூரணிக்குத் தெரிந்துவிட்டது.

கொடியில் காயப்போட்ட கயலின் சட்டைகளில் பாதியைக் காணவில்லை என்று தேடியிருக்கிறாள். அக்காவின் பெட்டியில் மடித்து வைத்திருந்ததைப் பார்த்தாள். பால் புட்டி, கிலுகிலுப்பை, காதுவரை மூடும் குல்லா எல்லாம் அங்கே. அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள். சமையலறையில் தொங்கும் நோட்டையும் பென்சிலையும் எடுத்து வந்திருந்தாள். கையால் பேச முடியாத விஷயங்களுக்கு மட்டும் அந்த நோட்டு.

எழுதினாள்: கயல் ஊருக்குப் போகுதா?

தலையாட்டினேன்.

எப்போ சரின்னு சொன்னீங்க?

'பத்து, பன்னிரண்டு நாள் முன்' என்று எழுதினேன்.

அந்த வரியின் கீழ் கோடு போட்டாள். பிறகு: அப்போ பல்பு எதுக்கு?

நான் எழுத ஆரம்பித்தேன். வேலை செய்தால் அக்காவிடம் சொல்லலாம் என்று, சோதனை மாதிரி என்று, ஏதேதோ. பாதியிலேயே நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பென்சில் முனை உடையும்படி எழுதினாள்:

பல்பு எரிஞ்சா கயல் இங்கே. எரியலைன்னா அங்கேயா? அம்மா நானா பல்பா?



ஜூன் 16, திங்கள்

பூரணி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவ்வளவுதான், அதற்குமேல் பேச வழியே இல்லை. மன்னிப்புக் கேட்பதற்குக்கூட அவள் பார்க்க வேண்டும். காபி வைத்தாள். டம்ளரை மேசையில் வைத்த கையைத்தான் பார்த்தேன்.

அலுவலகத்தில் ஒருவருடைய பிரசவ விடுப்பு ஆணையில் தேதி தப்பு. கண்காணிப்பாளர் அதைக் கிழித்தார்.

மாலை பாய் கடை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சால்டரிங் இரும்பை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, "அல்லாவே" என்றார்.

"இன்னா சார் நீ? ஒரு வாரமா என்னைக் கேட்ட. அக்காவாண்ட சரின்ன. பாப்பாவோட நாள் பூரா கீறது யாரு? அவங்கள ஒரு வார்த்தை கேட்டியா, பாப்பா முழிச்சா உனக்கு எப்டிம்மா தெரியுதுன்னு?"

கேட்கவில்லை. தெரியவே தெரியாது என்று நினைத்தேன். அப்படித்தானே? ஆனால் ஐந்து மாதத்தில் ஒரு நாள்தானே அப்படி ஆயிற்று. மற்ற நாட்களில் எப்படி?

ஜூன் 17, செவ்வாய்

மூன்று மணிக்கே அனுமதி வாங்கிப் புறப்பட்டேன். அக்கா வீட்டில் இல்லை, கோயில். முன்கதவைத் தட்டிப் பயனில்லை, பக்கவாட்டில் ஜன்னலுக்குப் போனேன்.

பூரணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வலதுகால் பெருவிரலில் ஒரு கயிறு. மெல்லிய நைலான் கயிறு, வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்குப் போகிறது. மேலே பார்த்தேன். தொட்டில் தொங்கும் கொக்கிக்குக் கீழே சேலை முடிச்சில் அதன் மறுமுனை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு லேசாகத் துடித்தது. கயல் அழவில்லை, நெளிந்தாள், அவ்வளவுதான். பூரணி தலையைத் தூக்கினாள். ஒரு நொடி காத்திருந்தாள். கயிறு நின்றுவிட்டது. மறுபடி கீரை. கொஞ்ச நேரத்தில் இரண்டு மூன்று முறை வெடுக் வெடுக்கென்று இழுத்தது. கீரையைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். கயல் வாயைத் திறப்பதற்குள் அவள் அங்கே.

உள்ளே போய்க் கயிற்றைக் காட்டினேன். இரண்டு நாளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். நோட்டு.

எப்போதிலிருந்து?

மூணாம் மாசம்.

அன்னிக்கு?

தயங்கினாள். பிறகு எழுதினாள்: அக்கா அவிழ்த்துட்டாங்க. பிள்ளையைக் கயித்தில் கட்டக்கூடாதுன்னு. நான் பார்க்கலை. துவைக்கப் போகும்போது கயிறு காலில் இருக்கு, அந்தப் பக்கம் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். 'பிரசவத்தில் என்னைப் பார்த்துக்கிட்டவங்க' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'நீங்க கேட்கலை' என்று எழுதினாள்.

அக்கா மேல் கோபமா, என் மேலா, தெரியவில்லை. இரண்டும் வந்து வந்து போகிறது.

ஜூன் 18, புதன்

சாயங்காலம் பூரணியை பாய் கடைக்கு அழைத்துப் போனேன். கயல் என் தோளில். பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அதே காலண்டர் தாளை எடுத்து வைத்தார். மூன்று கட்டத்தையும் பூரணி பார்த்தாள். நான் விளக்கப் போனேன், கையை உயர்த்தி நிறுத்தினாள். பென்சில் வாங்கிக்கொண்டாள்.

முதல் கட்டத்தில் மைக் படத்தை அடித்தாள். தொட்டில் வரைந்தாள், கயிறு வரைந்தாள், கயிற்றில் வளைவு வளைவாகக் கோடு. கடைசிக் கட்டத்தில் பல்பை அடித்தாள். பக்கத்தில் சூரியனும் துவைக்கும் கல்லும். கொல்லை வெயிலில் பல்பு தெரியாதாம். இடுப்பைத் தொட்டுக் காட்டி, கையை நடுக்கிக் காட்டினாள்.

"வயபரேட்டு!" என்று கத்தினார் பாய். "சார், உன்னாண்ட பேசி ஒரு வாரம் வேஸ்ட்டு."

செய்தது: பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் ஒன்று, அதன் நடுவில் தொடாமல் ஓர் ஊசி. கயிறு ஆடினால் ஸ்பிரிங் ஊசியைத் தொடும். அங்கிருந்து நீளமான மெல்லிய கம்பி. மறுமுனையில் பழைய டேப்ரிக்கார்டர் மோட்டார், அதன் தண்டில் ஒரு பக்கமாகப் பற்றவைத்த நட்டு. சுற்றினால் முழுப் பெட்டியும் நடுங்குகிறது. சோப்புப்பெட்டி அளவு. இடுப்பில் செருகிக்கொள்ளலாம்.

எனக்கு ஒரு சந்தேகம். தொட்டிலை நாமே ஆட்டினாலும் நடுங்குமே? காற்றில் ஆடினால்? நடுக்கட்டம் எங்கே? யார் முடிவு செய்வது?

சின்ன ஆட்டத்தைக் கண்டுகொள்ளாமல் விட கபாசிட்டர் ஏதோ போடலாம் என்று பாய் ஆரம்பித்தார். பூரணி எங்கள் வாயை மாறி மாறிப் பார்த்தாள். காலியாக இருந்த நடுக்கட்டத்தில் ஒரு வார்த்தை எழுதினாள்.

நான்.

பாய் தாளை என்னிடம் நகர்த்தினார். "கரெக்ட்டுதான சார்? கபாசிட்டர் கேன்சல்."

ஜூன் 20, வெள்ளி

காற்று பலம். நேற்றும் இன்றும் நன்றாக வேலை செய்தது. கயல் நெளிந்தால் சின்ன நடுக்கம், உதைத்தால் விடாமல் நடுக்கம், பூரணிக்கு வித்தியாசம் தெரிகிறதாம். துவைக்கும் கல்லிலிருந்து நான்கு முறை சரியாக வந்தாள். ஒருமுறை காற்றுக்கும் வந்தாள். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். கயலின் சட்டைகள் இன்னும் பெட்டியில்.

ஜூன் 21, சனி

காலை பத்தரைக்கு நடுங்கும் பெட்டி நின்றுவிட்டது. அக்கா கண்முன்னால். கயல் உதைக்கிறாள், ஸ்பிரிங் ஆடுகிறது, பூரணி கொல்லையில் அசையாமல் துவைக்கிறாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன். அதற்குள் பூரணி சோப்புக் கையோடு உள்ளே வந்துவிட்டாள். வெகுநேரம் ஒன்றும் நடுங்கவில்லை, அதனால் வந்தாளாம். கயலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையாலேயே கம்பியைத் தடவிப் பார்த்து, வாசற்படியில் கதவு நசுக்கிய இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டினாள்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். "அக்கா, கயல் இங்கதான் இருப்பா."

"என்னல சொல்லுத? அந்தப் பெட்டி சரியாயிட்டா?"

"இல்லக்கா. பாய் கடை இன்னிக்கி மூணு மணிக்குத்தான் திறக்கும்."

"பெறவு?"

"பெறவு ஒண்ணுமில்ல. கயல் இங்கதான் இருப்பா. நான் அன்னிக்கி சரின்னு சொல்லியிருக்கக் கூடாது. அவகிட்ட கேக்காம சொன்னேன்."

அக்கா தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், குழந்தை இல்லை. அத்தானுக்கு எழுதிவிட்டாளாம், தொட்டில் கொக்கிகூட மாட்டிவிட்டாராம். இதை அவள் சொன்னபோது நான் மறுபடி 'சரி' என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. தண்ணீர் குடித்தேன்.

"கயித்த நாந்தாம்ல அவுத்தேன்" என்றாள் அக்கா. "இந்தப் பத்தொன்பது நாளா அதத்தான் நெனச்சிட்டுக் கெடக்கேன். அவ ஒன்கிட்ட சொல்லுவா, சொல்லுவான்னு பாத்தேன். சொல்லவே இல்ல."

எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். சட்டைகளை எடுத்துப் பூரணியின் மடியில் வைத்தாள். குல்லாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பூரணி அதை வாங்கவில்லை. அக்காவின் விரல்களை அதன்மேல் மூடிவிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

செங்கல்பட்டு நிலையம். கூட்டம். ரயில் ஐம்பது நிமிடம் தாமதம், கயலுக்கு வேர்க்குரு. வண்டி வந்ததும் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பூரணியைப் பார்த்து, உதடு தெரியும்படி மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். இந்த ஐந்து மாதத்தில் அவள் அப்படிப் பேசி இன்றுதான் பார்க்கிறேன். வழக்கமாக எல்லோரையும்போலச் சத்தம் போட்டுத்தான் பேசுவாள்.

"தீபாவளிக்கு. மூணு பேரும். வரணும்."

பூரணி தலையாட்டினாள். பேருந்தில் திரும்பும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், ஆனால் வெளியே பார்த்துக்கொண்டு. என் மேல் இன்னும் கோபமா, களைப்பா, தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கயலை என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கினாள்.

ஜூன் 25, புதன்

கடும் வெயில். பாய் வேறு கம்பி போட்டுக் கொடுத்தார், கதவு நசுக்காத வழியாக. "இனிமே இங்க வராத சார், அவங்கள அனுப்பு" என்றார்.

வீட்டில் அவர்கள் இருவர் மட்டும், மூன்றாவது நாள். பதினொரு மணியிலிருந்து கோப்பில் ஒரு வரி ஓடவில்லை. உணவு இடைவேளையில் இரவல் சைக்கிளில் வீட்டுக்கு. கதவு உள்ளே தாழ். யோசிக்காமல் தட்டிவிட்டேன், பலமாக, மூன்று முறை. தட்டிய பிறகுதான் உறைத்தது, யாருக்குக் கேட்கும் என்று. கேட்டது கயலுக்கு. வீலென்று அழுகை.

ஜன்னலுக்கு ஓடினேன். கொல்லைப்பக்கத்திலிருந்து பூரணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தூக்கவில்லை, தொட்டிலுக்குள் கையை விட்டுத் தட்டிக்கொடுத்தாள். அழுகை குறைந்தது. நிமிர்ந்தபோது கம்பிக்கு வெளியே என்னைப் பார்த்துவிட்டாள். கதவைத் திற என்று கை காட்டினேன், வாயாலும் சொன்னேன்.

உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்று என்னை முறைத்தாள்.

மணி ஒன்றே முக்கால். வெயிலில் நிற்கிறேன், இதைச் சட்டைப்பையில் இருந்த விடுப்பு விண்ணப்பத்தின் பின்னால் எழுதிக்கொண்டு. இன்னும் திறக்கவில்லை.